பன்னிரண்டு போன்களும் அப்பாவும்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆனி மாதக் கடைசியில் என் போனின் மைக் பழுதானது. காதில் வைத்துப் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் கேட்கும்.

2. பழுதானது எனக்குப் பல நாட்கள் தெரியவில்லை.

3. புது போன் வாங்கலாம் என்று ஐந்து போன்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன்.

4. பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பா, எந்த போன் வாங்குவது என்பதைப் பற்றி என்னுடன் பேச ஆரம்பித்தார். அதற்கு முன் இரண்டு வருடமாக அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை என்று சொல்லலாம்.

5. அட்டவணை போட்ட ஒன்பதாம் நாள் எந்த போன் என்று முடிவு செய்துவிட்டேன்.

6. முடிவு செய்யவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அட்டவணையில் ஐந்து போன்கள் பன்னிரண்டாயின.

7. ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, கூரியரில் ஒரு பெட்டி வந்தது.

நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன். நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர்களையும் எலக்ட்ரானிக் தராசுகளையும் பழுது பார்த்து, அளவு சரிபார்த்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம். படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் அம்மாப்பேட்டை, பாபநாசம், ஒரத்தநாடு என்று அரிசி ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் போய்வருவேன். ஓர் ஆலையில் ஆகும் நேரம் நாற்பது நிமிடம். அதில் என் பேச்சு நான்கு வாக்கியம். மீட்டர் எங்க இருக்கு. கடைசியா எப்ப பாத்தது. இங்க ஒரு கையெழுத்து போடுங்க. வரேங்க.

பாபநாசம் பக்கத்து ஆலை ஒன்றின் மேலாளர் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். இரண்டு தடவை கூப்பிட்டாராம். இரண்டு தடவையும் நான் எடுத்துவிட்டு வாயைத் திறக்கவே இல்லையாம். திமிர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, குரலில் அது இருந்தது. நான் இரண்டு தடவையும் ஹலோ ஹலோ என்று கத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து, கருவிகளை எப்படிச் சோதிப்பேனோ அப்படியே போனைச் சோதித்தேன். குரலைப் பதிவு செய்தேன், கேட்டேன், அமைப்பை மாற்றி மறுபடி பதிவு செய்தேன். கீழ் மைக் செத்திருந்தது.

எப்போதிலிருந்து என்று பார்க்க அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். அதற்கு முன் யாரிடமாவது காதில் வைத்துப் பேசியது பதினொரு நாள் முன்பு. சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு வழி சொல்லியிருக்கிறேன். நடுவில் இருந்தவை அலுவலகச் செய்திகள், ஓடிபி, அம்மாவின் வீடியோ அழைப்புகள். வீடியோ அழைப்பு ஸ்பீக்கரில் போவதால் மேல் மைக்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பழுதான தேதி சரியாகத் தெரியவில்லை, பதினொரு நாளுக்குள் ஏதோ ஒன்று என்று குறித்துக்கொண்டேன். எங்கள் வேலையில் அப்படிக் குறிப்பது வழக்கம். குறித்த பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிசெய்யலாம்தான். ஆனால் ஐந்து வருட போன். பேட்டரியும் வீங்க ஆரம்பித்திருந்தது, பின்பக்க மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. புதிது வாங்குவதுதான் சரி.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில். வீடு பூட்டியிருக்கிறது. அண்ணனும் அண்ணியும் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் அம்மா போனாள். ஒரு போகம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அப்பாவும் போனார். அதிலிருந்து இரண்டு வருடமாகத் தினமும் ஏழு மணிக்கு அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். சாப்டியாடி, என்ன சாப்ட்ட, இந்தா அத்தைக்கு டாட்டா சொல்லு. குழந்தை கையில் போன் போகும், கூரையில் சுற்றும் மின்விசிறி தெரியும், முடிந்துவிடும். படத்தின் ஓரத்தில் சில சமயம் அப்பாவின் முழங்காலும் வேட்டியும் இருக்கும். நல்லா இருக்காளாமா என்று அவர் அம்மாவைக் கேட்பது எனக்குக் கேட்கும். நல்லா இருக்காளாம் என்று அம்மா சொல்வதும் கேட்கும்.

அப்பாவுக்கும் எனக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான். ஊரில் இருந்தபோது பேசாமலே ஒரே வீட்டில் இருக்க முடிந்தது. போனில் அது முடியவில்லை. இரண்டு மூன்று தடவை வயலைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். குத்தகைக்காரரைக் கேளு என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

புது போன் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில். அண்ணன் குறுக்கே வந்து ஒரு மாடல் பெயரைச் சொல்லி, அதையே வாங்கு, ரொம்ப யோசிக்காதே என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். எதுவாக இருந்தாலும் உன் முகம் தெரிந்தால் சரி என்றாள் அம்மா. அப்போது ஓரத்தில் இருந்த வேட்டி அசைந்தது.

"யாரு வச்சிருக்காங்கன்னு விசாரிச்சாளாமா?" அம்மாவைத்தான் கேட்டார்.

"விசாரிக்கலப்பா. அட்டவணை போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று நான் நேராகச் சொன்னேன்.

போன் கை மாறியது. திரையில் அப்பாவின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. "அட்டவணையெல்லாம் கம்பெனிக்காரன் குடுக்குற நோட்டீஸ் மாதிரிம்மா. வச்சிருக்குறவங்களத்தான் கேக்கணும். எத்தன நாளா வச்சிருக்காங்க, வெயிலு தாங்குதா, தண்ணி பட்டா தாங்குதா. அத விசாரி. அவசரப்படாத."

முப்பது விநாடி இருக்கும். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம்.

மறுநாள் மாலை ஆறரைக்கு அப்பாவின் பட்டன் போனிலிருந்து அழைப்பு வந்தது. அந்த எண்ணை நான் சேமித்து வைத்திருந்ததே மறந்துபோயிருந்தது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துதான் எடுத்தேன். விசாரிச்சியா என்று கேட்டார்.

அப்பா முப்பத்தைந்து வருடம் நெல் போட்டவர். விதை வாங்குவதற்கு முன் அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொல்வதை முழுதாகக் கேட்டுக்கொள்வார். நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைப்பார். பிறகு பஸ் ஏறிப் போய், அந்த ரகத்தைப் போன பருவத்தில் போட்டவரின் வீட்டு வாசலில் நிற்பார். புது ரகம் என்றால் முதல் வருடம் ஒரு மாவுக்கு மேல் போட மாட்டார். மா என்பது எங்கள் பக்கம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. போனையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஏழு வருடம் அப்டேட் உண்டு என்று நான் பெருமையாகச் சொன்ன போனை உடனே தள்ளினார். அது நீண்ட நாள் ரகம், ஏழு வருடத்தில் என்ன மழை வரும், என்ன காற்று வரும் என்று யாருக்குத் தெரியும், நடுத்தர நாள் போதும் என்றார். ஏழு வருடமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது ஒரு வசதி என்று நான் விளக்கினேன். பயிர் எத்தனை நாள் வயலில் நிற்கிறதோ அத்தனை நாளும் நம் பொறுப்புதானே என்று கேட்டார். அட்டவணையில் அந்த போனுக்கு எதிரே 'அப்பா: நாள் அதிகம்' என்று எழுதினேன்.

மெல்லிய போன்களுக்குச் சன்னம் என்றும், பெரிய பேட்டரி வைத்துத் தடியாக இருந்தவற்றுக்கு மோட்டா என்றும் பெயர் வைத்தார். நெல்லை நாங்கள் அப்படித்தான் பிரிப்போம்.

"சன்னம் பாக்க நல்லாத்தான் இருக்கும். கீழ விழுந்தா?"

"கவர் போட்டுக்கலாம்ப்பா."

"கவர் போட்டா மோட்டா ஆயிடும். அதுக்கு மோட்டாவையே வாங்கிடலாமே."

நான் சிரித்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் அவர் சிரித்ததும் அறை முழுக்கக் கேட்டது. கீழ் வீட்டு அம்மா மறுநாள் படியில் பார்த்தபோது, யாரோ வந்திருந்தாங்க போல என்றார்.

தினமும் ஆறரைக்குக் கூப்பிட்டார். சில நாள் பத்து நிமிடம், சில நாள் இருபத்தைந்து. போனைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் வேறு விஷயங்களும் வந்து விழுந்தன. லிப்டில் தனியாக ஏறுவதற்கு அவருக்குப் பயம். பதினொரு மாடியையும் ஒருநாள் இறங்கியே போயிருக்கிறார். அண்ணி வைக்கும் ரசம் நன்றாக இருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் என்ன செய்கிறேன் என்பது அதுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது.

"ஈரம் பாக்குற மிஷினா? அத நீதான் சரி பண்றியா?"

"நானும் பண்றேன்ப்பா."

"அந்த மிஷினு காட்டுன நம்பருக்காக எத்தன நாளு ரோட்டுல நெல்லக் காய வச்சிருக்கேன் தெரியுமா. அப்ப என் எதிரி நீதானா?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் போனை எடுத்ததும் அவர் எதிரி என்றுதான் ஆரம்பித்தார்.

ஒன்பதாம் நாள் என் கணக்கு முடிந்தது. எனக்கு வேண்டியவை நான்கு: வெயிலில் திரை தெரிய வேண்டும், மீட்டரின் சிறிய எழுத்துகளைப் படம் எடுத்தால் தெளிவாக வர வேண்டும், வயல்வெளியில் சிக்னல் பிடிக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இரண்டாம் எண் போன் தெளிவாக முன்னால் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்று மாலை அப்பா கூப்பிட்டபோது சொல்லத்தான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார். கீழே செக்யூரிட்டி ஒருவர் இருக்கிறாராம், செய்யாறு பக்கம், தமிழ் பேசுகிறார், அவரிடம் மோட்டா ஒன்று இருக்கிறது, நாளைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நாளைக்கும் கூப்பிடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலப்பா. பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

அது முதல் பொய். பிறகு வந்தவை சுலபமாக வந்தன. ஆடித் தள்ளுபடி முடியட்டும், அதன் பிறகுதான் உண்மையான விலை தெரியும் என்றேன். ஆகஸ்டில் ஓர் ஆஃபர் வரும் என்றேன். ஒரு கம்பெனி புது மாடல் விடப்போகிறதாம், அதையும் பார்த்துவிடலாம் என்றேன். அட்டவணையில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தேன். எட்டாவது போன் எனக்குத் துளியும் பிடிக்காதது. பதினோராவது நம் ஊரில் விற்பனைக்கே வரவில்லை. ஆனால் அவரிடம் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. அதற்காகவே சனிக்கிழமைகளில் பழைய பேருந்து நிலையம் பக்கம் இருந்த ஒரு ஷோரூமுக்குப் போய், மேஜையில் சங்கிலி போட்டு வைத்திருக்கும் போன்களை எடுத்துப் பார்த்து எடை, பிடிமானம் எல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன். நான்காவது தடவை அங்கே வேலை செய்யும் பெண், "அக்கா, நீங்க வேற கடை ஆளா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, அப்பாவுக்கு விவரம் சொல்ல வேண்டும் என்றேன். அப்பாவுக்கு வாங்குறீங்களா என்று பெரிய எழுத்து தெரியும் போன் ஒன்றைக் காட்டினாள். அதையும் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது அதுதான்.

அப்பா என்னைவிட அதிகமாக உழைத்தார். பெங்களூர் போன இரண்டு வருடத்தில் பால் வாங்க மட்டும்தான் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர் இப்போது தினமும் மாலையில் இறங்கினார். செய்யாறு செக்யூரிட்டி மோட்டாவை மூன்று வருடமாக வைத்திருக்கிறாராம், இரண்டு தடவை மாடிப்படியில் விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. திண்டிவனத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், சன்னம் வைத்திருப்பவர், பேசிக்கொண்டிருக்கும்போதே காது சுடுகிறது என்கிறாராம். இதையெல்லாம் அண்ணன் குழந்தையின் பழைய கிறுக்கல் நோட்டு ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டார். நோட்டைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்கும்.

"அந்த ஆறாம் நம்பர எழுதிக்க. போன வருஷத்து மாடல்தான். ஒரு வருஷம் வெளியில நின்ன ரகம், அதுல என்ன நோய் வரும்னு தெரிஞ்சு போயிருக்கும்."

"பேட்டரி பெருசுப்பா. கனமா இருக்கும்."

"கனமா இருந்தா என்னம்மா. நீ என்ன தலையிலயா சுமக்கப் போற."

எனக்கு வேண்டியிருந்தது ஆறரை மணி. அது நின்றுவிடக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். எழுதவில்லை.

புரட்டாசியில் குறுவை அறுப்பு மும்முரமானது. எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் மீட்டரைச் சரிபார்க்கக் கூப்பிடும் மாதம் அது. நான் ஆறு மணிக்கு எப்படியும் வீடு திரும்பினேன். அந்த மாதம் ஒருநாள் காலையில், வழக்கமில்லாத நேரத்தில் அம்மா தனியாகக் கூப்பிட்டாள். நீ சீக்கிரம் ஒன்றை வாங்கித் தொலையேன்டி என்றாள். அவர் சோறு சாப்பிடும்போதுகூட அம்மாவின் போனை வாங்கி, போன்களைப் பற்றிய வீடியோக்களைத்தான் பார்க்கிறாராம். நல்லதுதானேம்மா என்றேன். நல்லதுதான், ஆனால் உன்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவரையே கேட்டுக்கோ என்று வைத்துவிட்டாள்.

அன்று ஆறரைக்கு அப்பா நோட்டைப் புரட்டவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கப்பா."

"நீ இவ்வளவு படிச்ச புள்ள. ஒரு போன முடிவு பண்ண மூணு மாசமா முடியல. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கியோன்னு எனக்குப் பயமா இருக்கும்மா."

எல்லாம் என்று அவர் சொன்னதில் என்னென்ன அடங்கும் என்று எனக்குத் தெரியும். சென்னையில் கிடைத்த வேலைக்கு நான் போகவில்லை. வந்த இரண்டு வரன்களுக்கு வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெங்களூருக்கே வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டதற்கு யோசிக்கிறேன் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இந்த மூன்றிலும் அவர் நினைத்தது சரிதான். போன் விஷயத்தில் மட்டும் தப்பு.

அப்போது சொல்லியிருக்கலாம். முடிவை ஆடியிலேயே எடுத்துவிட்டேன், நீங்க கூப்பிடணும்னுதான் இழுத்துக்கிட்டு இருக்கேன் என்று. வாய் வரை வந்தது. சொன்னால் மறுநாள் அவர் எதற்குக் கூப்பிடுவார் என்று யோசித்தேன். காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"தீபாவளி ஆஃபர் வரட்டும்ப்பா," என்றேன்.

"சரிம்மா," என்றார். கொஞ்சம் கழித்து, "சரி," என்று இன்னொரு தடவை.

பெட்டி வந்த அன்று தஞ்சாவூரில் காலையிலிருந்து மழை. நான் வெளியே போயிருந்தேன், கீழ் வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கு வரவேண்டிய உதிரி பாகம் என்று நினைத்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியிலேயே பிரித்தேன். ஆறாம் எண் போன். போன வருடத்து மாடல், கரும்பச்சை நிறம், கனம். மேலே என் பெயர், அனுப்பியவர் இடத்தில் அண்ணனின் பெயர். அண்ணனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவே உட்கார்ந்து ஆர்டர் போட்டார், நான் ஓடிபி மட்டும்தான் படித்துச் சொன்னேன் என்று பதில் வந்தது.

ஆறரைக்குச் சரியாகக் கூப்பிட்டார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"பயப்படாத. அத வச்சிருக்குறவங்க ஒம்போது பேரக் கேட்டுட்டேன். ஒருத்தரும் குறை சொல்லல."

"நல்லா இருக்குப்பா."

"இனிமே அதப்பத்தி நீ யோசிக்க வேணாம். நானே முடிவு பண்ணிட்டேன். நிம்மதியா உன் வேலையப் பாரு."

அவர் குரல் அவ்வளவு லேசாக இருந்து நான் கேட்டதில்லை. என் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டதாக அவர் நினைத்தார். நான் தாங்க்ஸ்ப்பா என்றேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத சொல். அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். சரி சரி, வைத்துவிடட்டுமா, கீழே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றார்.

யார் என்று கேட்டேன். பார்க்கில் மாலையில் ஆறேழு பேர் சேருகிறார்களாம். செய்யாறுக்காரர் டியூட்டி முடிந்ததும் வந்துவிடுவார். தபால்காரர் மகளுக்கு போன் வாங்க வேண்டும். அவருடைய சிநேகிதர் ஒருவருக்கும் வேண்டுமாம்.

"எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க," என்றார். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் வெட்கம்.

அந்த அழைப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

அதற்கு அடுத்த வாரம் இரண்டு தடவை கூப்பிட்டார். போன் எப்படி இருக்கிறது, சார்ஜ் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம் கூப்பிடவில்லை. நடுவில் தீபாவளியன்று எல்லோரும் சேர்ந்து வீடியோவில் வந்தார்கள், புதுச் சட்டையில் அப்பா முழுதாகத் தெரிந்தார், எதிரி எப்படி இருக்கா என்றார், குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. வழக்கமான நாட்களில் ஏழு மணிக்கு அம்மா கூப்பிடும்போது படத்தின் ஓரத்தில் வேட்டி இல்லை. கீழ போயிருக்காரு என்பாள் அம்மா. இப்பல்லாம் எட்டு மணிக்குத்தான் மேல வராரு, அரட்டை.

அம்மாவின் குரலில் புகார் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அப்பாவுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். நான் இழுத்தடித்த மூன்று மாதத்தில்தான் கிடைத்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்த மூன்று மாதத்தில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

ஒரு கோளாறு சொல்லலாமா என்று தோன்றியது. சூடாகிறது என்று சொன்னால் போதும், அன்றைக்கே நோட்டை எடுத்துவிடுவார். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்: மதியம் ஒரு மணிக்கு மேல், வெளியில் நின்று படம் எடுக்கும்போது மட்டும். அவர் ஒன்பது பேரிடமும் மறுபடி போவார். உங்களுக்குச் சுடுகிறதா என்று கேட்பார். அவர்கள் இல்லை என்பார்கள். தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். தபால்காரரின் மகளுக்குச் சொல்லும்போது தயங்குவார். சரியாக இருக்கும் கருவிக்குத் தவறு என்று சீட்டு எழுதுவதை நான் இதுவரை செய்ததில்லை. அவர் தேர்ந்தெடுத்ததற்கும் எழுத முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு நானே அவருடைய பட்டன் போனுக்குக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"என்னம்மா, போன்ல ஏதும் தொந்தரவா?"

"இல்லப்பா. நல்லா இருக்கு."

"அப்பறம்?"

"சும்மாதான். உங்ககிட்ட பேசலாம்னு."

அவர் எழுந்து அவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார். பேச்சுச் சத்தம் குறைவதிலிருந்து தெரிந்தது.

"சொல்லும்மா."

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வரிசை எண் போட்ட போன்கள் இல்லாமல் அவரிடம் நான் பேசிப் பழகியிருக்கவில்லை. ஒரத்தநாட்டில் நல்ல மழை என்றேன். ம் என்றார். ஓர் ஆலையில் மீட்டருக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது என்றேன். அதற்குச் சிரித்தார்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இனிமேதான்ப்பா."

"சரி. ஞாயித்துக்கிழமை கூப்புடு. அஞ்சே முக்காலுக்குக் கூப்புடு, நான் கீழ எறங்கறதுக்கு முன்னாடி."

இப்போது மாசி. போன் வந்து நான்கு மாதம் ஆகிறது, இதுவரை எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தே முக்காலுக்கு நான் அப்பாவைக் கூப்பிடுகிறேன். பதின்மூன்று ஞாயிறுகளில் பத்தில் எடுத்திருக்கிறார். நீளமாகப் பேசியது ஆறு நிமிடம், குறைவாகப் பேசியது ஒன்றரை. முடிவை ஆடியிலேயே எடுத்துவிட்டேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மற்ற ஆறு நாளும் ஆறரைக்கு நான் வீட்டில் இருக்கிறேன். போன் ஒலிப்பதில்லை.